ஒரு தோள் இறங்கிய கோட்டு

என் கண்ணே,

கல்யாணம் முடிந்து நீயும் ஜெயமேரியும் பஸ் ஏறிப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. கொடுத்தனுப்பிய முறுக்குகூட இன்னும் தீர்ந்திருக்காது, அதற்குள் அம்மாவிடமிருந்து கடிதமா என்று நினைப்பாய். நேரிலேயே சொல்லியிருக்கலாம். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லத்தான் வாயெடுத்தேன், கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். அவன் மேல் பழி போடுவது சுலபம். விசில் ஊதாமல் அவன் பகல் முழுக்கக் காத்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நீ சேலத்து மரக்கிடங்கில் கணக்கெழுதுகிற ரைட்டர் இல்லை. லாரிக்கு மரம் ஏற்றுகிற லோடுமேன். எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே தெரியும். திட்டுவதற்காக எழுதவில்லை, பயப்படாதே. திட்ட வேண்டுமென்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கிடங்குக்கே வந்து நின்றிருப்பேன், என்னை உனக்குத் தெரியாதா. அப்பாவின் கல்லறையில் கை வைக்கச் சொல்லி உன்னிடம் ஒரு சத்தியம் வாங்கினேனே, மரத்தைத் தோளில் ஏற்ற மாட்டேன் என்று, அந்தச் சத்தியத்தை இனி நாம் என்ன செய்வது என்று பேசத்தான் எழுதுகிறேன். எனக்கு யாரும் வந்து கோள் சொல்லவில்லை. சொன்னது அப்பாவின் கோட்டு.

அந்தக் கோட்டின் கதை உனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். எங்கள் கல்யாணத்தின்போது உங்கள் அப்பா காப்பி நாற்றங்காலில் வேலை பார்த்த ஒல்லிப் பையன். எஸ்டேட் லைன் வீடுகளில் அப்போது கோட்டுப் போடாமல் கோயிலில் நின்றவனை யாரும் மாப்பிள்ளையாகவே மதிக்கமாட்டார்கள். ஆனால் கோட்டு என்று சொந்தமாக யாரிடமும் கிடையாது. யாராவது கிளார்க்கைக் கெஞ்சி இரவல் வாங்கிக்கொண்டு வருவார்கள். இரவல் கோட்டில் தாலி கட்ட மாட்டேன் என்று அப்பா வீம்பு பிடித்தார். ஒரு காப்பிப் பருவம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சேலத்துக்கு இறங்கி, அளவு கொடுத்து, கருநீலக் கம்பளித் துணியில் தைத்துக்கொண்டு வந்தார். அப்புறம் என்ன ஆயிற்று? ஊரே அவரிடம் இரவல் கேட்டு வந்தது. இல்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது.

தலைச்சோலையிலிருந்து கரடியூர் வரை எத்தனை மாப்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நின்றார்கள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள் என்பதால் ஒவ்வொருவனுக்கும் அதைப் பொருத்திவிடுவது என் வேலையாகிவிட்டது. அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தரி படக் கூடாது, மெஷின் படக் கூடாது. மெலிந்தவனுக்கு முதுகில் ஒரு மடிப்புப் பிடித்து, குட்டையானவனுக்குக் கையை உள்ளே மடித்து, எல்லாம் கையால் போடும் ஓட்டுத் தையல். கல்யாணம் முடிந்து கோட்டு திரும்பி வந்ததும் நூலை உருவிவிடுவேன், மறுபடி அப்பாவின் அளவுக்கு வந்துவிடும். வெயிலில் போட்டு, பூச்சி அண்டாமல் பாக்கெட்டில் மிளகு முடிச்சு வைத்து மாட்டிவிடுவேன். பொத்தான் எட்டாத ஒரு தொந்தி மாப்பிள்ளை பூசை முடிகிற வரைக்கும் பூச்செண்டை வயிற்றின் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றானே, மோதிரம் போடக்கூடக் கையை எடுக்காமல், அதைச் சொல்லிச் சொல்லி அப்பா சிரிப்பார். சின்ன வயதில் நீயும் தலையணையைக் கட்டிக்கொண்டு அவனைப் போல நடித்துக் காட்டுவாய்.

நீ பிறந்த பிறகு நாற்றங்கால் கூலி போதாமல் போயிற்று. அப்பா மரத்துக்கு மாறினார். வெட்டிய சில்வர் ஓக் மரங்களைச் சரிவிலிருந்து தோளில் தூக்கி வந்து லாரியில் ஏற்றும் வேலை. உன் தங்கச்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு ஆசையாகக் கோட்டை எடுத்தார். இடது கை உள்ளே போயிற்று. வலது கை முழங்கையைத் தாண்டவில்லை. "ஏம்புள்ள, கோட்டு சுருங்கிப் போச்சே, மொளகு நொம்ப வச்சுட்டியா?" என்றார். கோட்டு எங்கே சுருங்கியது, அவர் தோள் அல்லவா மாறியிருந்தது. மரம் தூக்குகிறவர்கள் எல்லோரும் பழகிய ஒரே பக்கத்தில்தான் தூக்குவார்கள். வலது தோளில் கழுத்து வந்து சேருகிற இடத்தில், கொஞ்சம் பின்பக்கமாக, ஒரு மேடு எழும்பிவிடும். அதன் மேல் தோல் காய்த்துப் போயிருக்கும். அந்தப் பக்கம் உயர உயர இடது தோள் தணிந்ததாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேட்டுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது இந்தக் கைதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அது எனக்குத் தெரியும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், மழை விட்ட ஒரு காலையில், ஈரச் சரிவில் மரம் உருண்டது. அதற்கு மேல் அதை எழுத வேண்டாம், நீயும் பார்த்தவன்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு உன்னை நிறுத்தி மண்ணில் கை வைக்கச் சொன்னேன். உனக்கு மீசைகூட அரும்பவில்லை. நான் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பிள்ளையை எமனிடமிருந்து பூட்டி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு நீ சேலத்துக்குப் போனாய். மரக்கிடங்கு என்றதும் சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். "ரைட்டர் வேலைதாம்மா, பேனாவைத் தவிர ஒண்ணும் தூக்க மாட்டேன்" என்றாய். நம்பினேன். லைன் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வருஷத்துக்கு வருஷம் உனக்கு நெஞ்சு விரிந்தது, புஜம் உருண்டது, கழுத்து தடித்தது. கேட்டால் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு பயில்வான் கூடம் இருக்கிறது, தண்டால் எடுக்கிறேன் என்பாய். நம்ம பையன் ராஜா மாதிரி இருக்கிறான் என்று கண்ணேறு கழித்துப் போட்டேனே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தோளிலிருந்து துண்டை எடுக்கவே மாட்டாய். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன் என்றால் வெட்கம் வந்துவிடும் உனக்கு. பெரிய மனுஷனாகிவிட்டான் என்று நான் சிரித்துக்கொள்வேன்.

கல்யாணத்துக்கு வந்து இறங்கியதும் அப்பாவின் கோட்டை எடுத்து வைத்தேன். "அது எனக்குப் பத்தாதும்மா, வுடு. வெள்ளைச் சட்டையே போதும்" என்றாய். ஊரில் உள்ளவன் எல்லாம் போட்ட கோட்டை அவர் பெற்ற பிள்ளை போடாமல் நிற்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சட்டையக் கழட்டு சாமி, அளவெடுக்கணும்" என்றேன். பனியனோடு எடுத்தால் என்ன என்றாய். வளர்ந்த பிள்ளையைக் கண்ணாரப் பார்க்கிற ஆசையில், கம்பளிக் கோட்டுக்கு அப்படி எடுக்கக் கூடாது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நான் சொன்ன அந்தச் சின்னப் பொய்யில்தான் உன் பெரிய பொய் அகப்பட்டது.

கழுத்தெலும்பிலிருந்து வலது தோள் முனைக்கு டேப்பை வைத்தேன். பிறகு இடது தோளுக்கு. இரண்டும் ஒன்றாக வரவில்லை. டேப் நழுவிவிட்டது போலிருக்கிறது என்று மறுபடி வைத்தேன். மறுபடியும் அப்படியேதான். முதுகுப் பக்கம் வந்து டேப்பை விட்டுவிட்டுக் கையால் தடவிப் பார்த்தேன். கழுத்துக்குப் பக்கத்தில் அந்த மேடு, அதன் மேல் காய்த்த தோல். கண்ணு, தண்டால் எடுத்தால் உடம்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஏறும். சுமை தூக்கினால்தான் ஒரு பக்கம் ஏறும். "என்னம்மா, ஆச்சா?" என்று திரும்பாமலே கேட்டாய். "ஆச்சு சாமி, சட்டையப் போட்டுக்க" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியாது. உன் முதுகு அப்பாவின் முதுகாக இருந்தது. அவ்வளவு நேரமும் நீ திரும்பாமல் இருந்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

நீ பந்தல்காரரைப் பார்க்கப் போன பிறகு கோட்டை மேசையில் பரப்பிப் போட்டேன். கடைத்தெருத் தையல்காரனாக இருந்தால் பக்கத் தையல்களை மேலிருந்து கீழ்வரை பிரித்துத் தளர்த்திக் கொடுத்திருப்பான். நெஞ்சுக்குச் சரியாக வரும், இடுப்பில் சாக்கு மாதிரி தொங்கும். உன் உடம்பு மேலே அகலம், கீழே ஒடுக்கம். ஆகவே அக்குளிலிருந்து விலா வரைக்கும் மட்டும் பிரித்து, தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருந்த துணியையெல்லாம் வெளியே கொண்டுவந்தேன். நடுமுதுகிலும் மேல்பாதியை மட்டும் தளர்த்தினேன். இடுப்பைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் கழற்றி வைத்தேன். அதுவரைக்கும் பிரித்ததுதான், வேண்டுமானால் பழையபடி சேர்த்துவிடலாம். வலது தோளுக்கு மட்டும் எப்படி இழுத்தும் துணி எட்டவில்லை. கை வந்து சேருகிற வளைவை வெட்டி அகலப்படுத்தி, முன்பக்க உள்மடிப்பிலிருந்து ஒரு துண்டெடுத்து ஒட்டுக் கொடுத்தால்தான் உண்டு. அதற்குக் கத்தரி வேண்டும். வெட்டிவிட்டால் அந்தக் கோட்டு இனி எந்த மாப்பிள்ளைக்கும் ஆகாது, அப்பாவின் அளவும் அதோடு போய்விடும். கத்தரியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய கோட்டை அவர் அளவிலேயே பத்திரமாக மாட்டி வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அவர் பிள்ளைக்குப் போட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. வெட்டிவிட்டேன். வெட்டும்போது அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

தைத்து முடித்து உனக்குப் போட்டுப் பார்த்தோமே, "தாலி கட்டற மாதிரி கையக் கொண்டாடா" என்று சொல்லி எதிரே நானே நின்றுகொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா. உன்னைப் போல முதுகு அகன்றவன் கையை முன்னால் நீட்டும்போதுதான் தையல் விடும். விடவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் உறுத்தியது. கோட்டு உன் உடம்போடு படிந்து நின்றதால் உன் தோள்கள் இருக்கிறபடியே தெரிந்தன. வலது உயர்ந்து, இடது இறங்கி. பார்க்கத் தெரிந்தவன் பார்த்தால் லோடுமேன் தோள் என்று சொல்லிவிடுவான். குப்பனூரில் பெண் கேட்டபோது ரைட்டர் என்று சொன்னது நான்தான். அப்போது எனக்கு அதுதான் உண்மை. இப்போது என்ன செய்வது? பெண் வீட்டார் எதிரே உன் தலை குனியக் கூடாது. அதனால் இடது தோளுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் நல்ல நடிகர்கள்தான் போ.

கோயிலில் நீ நின்றதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கரடியூர்த் தங்கராசு, அடுத்த மாதம் தன் தம்பியின் கல்யாணத்துக்குக் கோட்டைக் கேட்டு வைத்திருந்தவன், பின்னால் வந்து, "ஏனுங்கக்கா, அப்படியே ஊத்தி வச்ச மாதிரி இருக்குதுங்க. எந்தம்பிக்கும் இப்படியே பண்ணிக் குடுத்துருங்க" என்றான். "அது இனி இவனுக்கு மட்டுந்தான் தம்பி" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்தப் பையனுக்கு ஒரு நல்ல சட்டை தைத்துத் தருகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

மறுநாள் காலையில் கோட்டை வெயிலில் போட ஜெயமேரியும் கூட வந்தாள். உள்பக்கத்தைத் திருப்பியவள் இடது தோளை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "ஏனுங்கத்தை, இந்தப் பக்கம் மட்டும் எதுக்குங்க பஞ்சு வெச்சீங்க?" என்றாள். துணி பழசு, தொய்ந்துவிட்டது என்று என்னவோ உளறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியுமுங்கத்தை. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லிட்டாருங்க. நான் ரைட்டரில்லீங்க, மரந்தூக்கறவன், சம்மதமின்னாச் சொல்லுங்கன்னாரு. எங்கூட்லயும் அல்லாருக்கும் தெரியுமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சாத் தாங்கமாட்டீங்கன்னுதான் பயந்துக்கிட்டு இருக்காருங்க" என்றாள்.

நான் யாரிடமிருந்து மறைக்கப் பஞ்சு வைத்தேனோ அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பெண் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்தது எனக்குத்தான் கடைசியில் தெரிந்திருக்கிறது. கட்டிக்கப் போகிறவளிடம் மறைக்காமல் சொன்னாய் என்று சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை. ஆனாலும் வயிற்றில் ஒரு எரிச்சல் இருந்தது. நேற்று வந்தவளிடம் சொல்லலாம், பெற்றவளிடம் சொல்லக் கூடாதா என்று. அப்புறம் அவள் இன்னொன்று சொன்னாள். போன வருஷம் ஈஸ்டருக்கு நீ வரவில்லை. வருஷக் கணக்கு முடிக்க வேண்டும் என்று கார்டு போட்டிருந்தாய். அன்றைக்கு நீ முதுகு பிடித்து, கிடங்குக் கொட்டகையில் பாயில் கிடந்திருக்கிறாய். புரண்டு படுக்கக்கூட இன்னொருவன் கை கொடுக்க வேண்டியிருந்ததாம். நான் இங்கே உன் பங்குக் கறியை எடுத்து வைத்துக்கொண்டு, சேலத்துக்காரனாகிவிட்டான், அம்மா வேண்டியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சாமி. சத்தியம் உன்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். நீ மரத்தைத் தூக்காமல் இருக்க அது உதவவில்லை. விழுந்து கிடந்தபோது என்னைக் கூப்பிட முடியாமல்தான் செய்தது. தங்கச்சியின் நர்ஸ் படிப்புக்கு நான் தையல் மெஷினைச் சுற்றி அனுப்பிய பணம் எந்த மூலைக்குக் காணும்? மீதி எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்தேனா? ரைட்டர் சம்பளத்தில் வருகிறது என்று வசதியாக நம்பிக்கொண்டேன். உன் தோள் ஏறியதும் அவள் படிப்பு ஏறியதும் ஒன்றாகவே நடந்திருக்கிறது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் கல்லறைக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சத்தியத்தை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ அதை மீறவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன், அப்படியே வைத்துக்கொள். மரம் தூக்கினால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். நான் சாகிற வரைக்கும் பயமாக இருக்கும். அந்தப் பயம் என்னோடு இருக்கட்டும், அதற்காக நீ பொய் சொல்ல வேண்டாம். அம்மாவாக நான் கேட்பது கொஞ்சம்தான். தோளை மாற்றி மாற்றித் தூக்கப் பழகு. கஷ்டம்தான், முயற்சி பண்ணு. மழை ஈரத்தில் சரிவில் நிற்காதே, யார் அவசரப்படுத்தினாலும் நிற்காதே. வலித்தால் வலிக்கிறது என்று ஜெயமேரியிடம் சொல், எனக்கும் எழுது. ஞாயிற்றுக்கிழமை அவளை எண்ணெய் தேய்த்துவிடச் சொல். கழுத்திலிருந்து கீழ்நோக்கி விரலை இழுக்க வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் நரம்பு பிசகும், நான் நேரில் காட்டித் தருகிறேன். தங்கச்சி வேலையில் அமர்ந்ததும் இந்தச் சுமையை இறக்கிவிட்டு வேறு வழி பார். இது சத்தியம் இல்லை, ஆசை. முடிந்தபோது செய்.

இன்னொன்று. நர்ஸ் பள்ளியில் தங்கச்சி வகுப்புக்குச் சான்றிதழ் கொடுக்கிற விழாவுக்கு வீட்டிலிருந்து அப்பா அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பார்களாம். தங்கச்சி எழுதியிருக்கிறாள். அப்பாவின் இடத்தில் நீதான் உட்கார வேண்டும். வேலை இருக்கிறது, கணக்கு இருக்கிறது என்று எனக்கு இனிமேல் கார்டு போட்டால் நான் நம்பமாட்டேன். அன்றைக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். இடது தோளைப் பிரித்துப் பஞ்சை உருவி எடுத்துவிட்டேன். போட்டால் ஒரு பக்கம் இறங்கித்தான் தெரியும். தெரியட்டும். நீ யார் என்று தங்கச்சியும் பார்க்கட்டும்.

உன் அம்மா